நேரா நின்ன ஆறு பெக்கு

எனக்கு மூக்கு மேல கோவம். கும்மிடிப்பூண்டில என்னத் தெரிஞ்ச எவனக் கேட்டாலும் சொல்லுவான், நானே சொல்லிக்கிறதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. பேரு ஜோசப், வேல சர்வே. தொழிற்பேட்டையில எவனாவது புதுசா ஷெட்டு போட்டா செவுரு எங்க வரணும், மிஷின் எங்க உக்காரணும்னு அளந்து பெக் அடிச்சுக் குடுப்பேன். அடிப்பேன்னு வாய்தான் சொல்லுது. சுத்தியலத் தூக்கி அடிக்கிறது ஹனீப் பாய். அந்த மனுசனப் பத்தி சொல்லத்தான் உக்காந்தேன். போன ஐப்பசில அவரால ஒருத்தன் உசுரு பொழச்சுது. என்னால அதே உசுரு போயிருக்கும். ரெண்டையும் சேத்துதான் சொல்லியாவணும், ஒண்ண மறச்சு ஒண்ண சொன்னா அது பித்தலாட்டம்.

பெக்குன்னா பெருசா ஒண்ணும் இல்ல. ஒன்றரை அடி சவுக்குக் கட்ட. ஒரு முனைய கூரா சீவி, தலையில செவப்பு பெயிண்ட் அடிச்சு, நடுவுல ஒரு ஆணி வெச்சுருப்போம். இந்தக் கட்டதான் பாய் பொழப்பு. பழவேற்காட்டுக்காரர், வயசு அம்பத்தாறு. அவங்க வாப்பாவுக்கு கருவாட்டு யாவாரம். கடை பெரிய அண்ணன் கைக்குப் போனதும் இவரு பொன்னேரில ஒரு ஷாமியானா கம்பெனில சேந்துட்டாரு. பதினெட்டு வருசம் கல்யாணம், மாநாடுன்னு கொட்டா போட்டாரு. அங்கயும் பெக்குதான், கவுத்த இழுத்துக் கட்ற பெக்கு. அந்த கம்பெனிய மூடுனதும் ஒரு வருசம் ஒயின்ஷாப் பாருல வேல பாத்தாரு. அங்க வேற பெக்கு. ஒரு சொட்டு நாக்குல வெக்காத மனுசன் தினம் நூறு பேருக்கு பெக் பெக்கா ஊத்திக்கினு இருந்தாரு. அவங்க சம்சாரம் சைதா அக்கா, அந்தச் சம்பளத்துல ஒல வெக்க மாட்டேன்னு ஒரே முட்டா நின்னுட்டாங்க. அப்புறம்தான் எங்கிட்ட வந்தாரு.

ஒரு நாள் மத்தியானம் சோறு துன்னும்போது நான் சும்மா இல்லாம, "பாய், உங்களுக்கு இங்கிலீஷ்ல தெரிஞ்ச ஒரே வார்த்த பெக்கு, அத வெச்சே மூணு வேல பாத்துட்டீங்க"ன்னு ஓட்டுனேன். அவரு சிரிச்சுட்டு அவங்க பொண்ணு நௌஷீனுக்கு போன் போட்டாரு. அது காலேஜ் படிக்கிற பொண்ணு. போன்லயே தேடிப் பாத்து படிச்சுது. துணி காயப் போட்டு கவ்வுற கிளிப்பும் பெக்காம். செவுத்துல சட்ட மாட்றதும் பெக்காம். வீணையில கம்பிய முறுக்குற பிருடையும் அதானாம். கால் போனவனுக்கு வெக்கிற மரக்காலும் அதானாம். பணத்தோட மதிப்ப ஏறாம எறங்காம ஒரே எடத்துல நிறுத்தி வெக்கிறதும் அதானாம். பாய் கேட்டுட்டு, "இன்னாடி இது, வெள்ளக்காரனுக்கு வார்த்த பஞ்சமா? ஒரு கட்டய வெச்சே ஊரெல்லாம் பேரு சொல்றான்"ன்னாரு. நாங்க ரெண்டு பேரும் பொற ஏறுற அளவுக்கு சிரிச்சோம்.

சிரிப்பெல்லாம் சோத்து நேரத்துல. வேல நேரத்துல நான் வேற ஆளு. பாய்கிட்ட ஒரு கொற இருந்துச்சு. கொட்டா போட்ட பழக்கத்துல பெக்க எப்பவும் லேசா சாச்சுத்தான் அடிப்பாரு. கவுறு இழுக்கறதுக்கு எதிர்ப் பக்கம் தல சாஞ்சிருந்தாத்தான் காத்துக்குப் புடுங்காதாம். யோவ், இது கொட்டாவா? சர்வே பெக்கு நட்டுக்குத்தா நிக்கணும். ரெண்டு வருசம் கத்துனேன். லேபருங்க முன்னாடி கத்துனேன், கம்பெனிக்காரன் முன்னாடி கத்துனேன். "கையாடா அது, இன்னாது?"ன்னு ஒரு நாள் கேட்டுட்டேன். எங்கப்பா வயசு மனுசன பாத்து 'டா' போட்டேன். அவரு, "வந்துரும் சார்"ன்னு மட்டும் சொல்லிட்டு அடுத்த பெக்கையும் சாச்சுத்தான் அடிச்சாரு.

இப்ப விஷயத்துக்கு வரேன். தொழிற்பேட்டைக்குக் கடசில ஒரு கம்பெனி. அந்தாண்ட நெல்லு வயலு, இந்தாண்ட ஷெட்டு, நடுவுல காம்பவுண்டு கட்டாத காலி எடம். மழ வலுக்குறதுக்குள்ள அந்தக் காலி எடத்துல மழத்தண்ணி போக வாய்க்கால் தோண்டணும். தோண்டலாம், ஆனா மண்ணுக்குள்ள பழைய கரண்டு கேபிள் ஒண்ணு ஓடுது. பதினோராயிரம் வோல்ட்டு. மேல மண்ண சீவி எடுத்துட்டதால ஆழமும் கம்மி. நிறுத்தச் சொன்னா பக்கத்து கம்பெனிங்க நாலும் நின்னுரும்னு உசுரோடதான் வெச்சுருந்தாங்க. அது நூல் புடிச்ச மாதிரியும் போவல, அங்கங்க வளஞ்சு போச்சு.

கேபிள் கண்டுபுடிக்கிற மிஷின ஒரே ஒரு நாளைக்கு மெட்ராஸ்லேந்து வாடகைக்கு எடுத்தோம். மிஷின் 'கீங்'னு கத்துற எடத்துல எல்லாம் பாய் பெக் அடிச்சுக்கினே வந்தாரு. இருபது பெக்கு. பெக்குக்கு நேரா கீழ கேபிள். பெக்குலேந்து நாலடி வயல் பக்கமா தள்ளி வாய்க்கால் தோண்டணும். கணக்கு அவ்ளோதான்.

பெக் அடிச்சதும் என் வேல ஒண்ணு பாக்கி இருந்துச்சு. ஒவ்வொரு பெக்கு தலையிலயும் பாய் கண்ணாடிக் கம்ப, அதான் உச்சில கண்ணாடி மாட்டுன கம்ப, புடிப்பாரு, நான் என் மிஷின்ல ரீடிங் எடுத்து ஏத்தி வெச்சுக்கணும். எவனாவது பெக்க புடுங்கிப் போட்டாலும் அதே எடத்துல திரும்ப அடிக்க அந்த ரீடிங்தான் ஆதாரம். அன்னிக்கு சாயங்காலம் தூறல் போட்டுச்சு. மிஷின் நனையும், பசி வேற. காலைல எடுத்துக்கலாம்னு மூட்ட கட்டிட்டேன். பாய், "சார், ரீடிங்கு?"ன்னாரு. "எனக்குத் தெரியும், வண்டில ஏறு"ன்னு கத்துனேன். ராத்திரி நல்ல மழ.

காலைல நான் போறதுக்குள்ள பர்மிட் பேப்பரோட எட்வர்ட் சார் நிக்கிறாரு. அவருதான் சைட்டு மேனேஜரு. "ஜோசப், திரும்ப மழ வருமாம், ஜே.சி.பி. வந்துருச்சு, கையெழுத்து போடு." பேப்பர்ல ஒரு வரி இருந்துச்சு: கேபிள் பாத அளந்து பதிவு பண்ணியாச்சா? நான் ஆமான்னு டிக் அடிச்சு கையெழுத்து போட்டேன். பெக்குதான் கண்ணு முன்னாடி நிக்குதே, வண்டி ஒரு பக்கம் தோண்டட்டும், நான் ஒரு பக்கம் எடுத்துக்கலாம்னு நெனச்சேன். சத்தியமா கெட்ட எண்ணம் இல்ல. சோம்பேறித்தனம்தான்.

ஜே.சி.பி. ஓட்டுனவன் அன்புசெல்வன். சோழவரம் பக்கம். ஆவணிலதான் கல்யாணம் ஆச்சு, பொண்டாட்டி பேரு ரம்யான்னு வண்டி கண்ணாடில பெருசா எழுதி வெச்சுருப்பான். வண்டிய எடுக்குறதுக்கு முன்னாடி எட்வர்ட் சார் அவன்கிட்ட சொன்னாரு: "பாத்து. பக்கெட்டு பல்லு கேபிள்ல பட்டா நீ கரிக்கட்ட." அவன் என்னப் பாத்தான். "நம்ம ஜோசப்பண்ணன் பெக்கு அடிச்சுருக்காரு சார், அப்புறம் இன்னா பயம்?" மொதல் பெக்குலேந்து தோண்ட ஆரம்பிச்சான்.

நான் டீ கிளாஸோட அவனுக்கு முன்னால நடந்துக்கினே போனேன். பதினாலாவது பெக்கு வரைக்கும் எல்லாம் வழக்கம் போல சாஞ்சுக்கினு நிக்குது. அதுக்கு மேல வயலு ஓரமா ஆறு பெக்கு. அப்பிடியே நட்டுக்குத்தா, ராணுவத்துல நிக்கிறவனுங்க மாதிரி நிக்குது. எனக்கு வாயெல்லாம் பல்லு. பின்னாடி சாக்குப் பையத் தூக்கிக்கினு வந்த பாய திரும்பிப் பாத்து, "பாருய்யா! ரெண்டு வருசம் கத்துனதுக்கு நேத்துதான் கை நேராச்சு. இப்பிடி அடிக்கிறதுக்கு இன்னா நோவு உங்களுக்கு?"ன்னேன்.

பாய் சிரிக்கல. பையக் கீழ வெச்சாரு. ஒரு பெக்கு கிட்ட போய் குனிஞ்சு பாத்தாரு, அடுத்தத பாத்தாரு. ஆறையும் பாத்துட்டு வந்தாரு. மூஞ்சி வெளுத்துக் கெடக்குது.

"சார், இது நான் அடிச்சது இல்ல."

"பின்ன பேயா வந்து அடிச்சுது?"

"யாரோ புடுங்கி மாத்தி நட்டுருக்காங்க சார். நான் அடிச்சா இப்பிடி நிக்காது. உங்களுக்குத் தெரியாதா?"

நெசம்தான், அந்தக் கை நேரா அடிக்காதுன்னு என்ன விட நல்லாத் தெரிஞ்சவன் எவன்? ஆனா எங்க மாத்தி நட்டாங்க, எவ்ளோ தூரம் தள்ளி நட்டாங்க? ரீடிங் இருந்தா ஒரு நிமிசத்துல பாத்துரலாம். ரீடிங் இல்ல. கேபிள் மிஷின் திரும்பிப் போயிருச்சு. பழைய குழிய மழ மூடிருச்சு. பாய் முட்டி போட்டு மண்ணத் தடவித் தடவிப் பாக்குறாரு, ஒண்ணும் தெரியல.

பத்தாவது பெக்கு தாண்டி வண்டி வந்துக்கினு இருந்துச்சு. "நிறுத்துடா"ன்னு நான் ஒரு வார்த்த கத்திருந்தா போதும். எதுக்கெதுக்கோ கத்துன வாயி இது. நிறுத்துனா ஏன்னு கேப்பாங்க, ரீடிங்க காட்டுன்னு கேப்பாங்க, பொய்க் கையெழுத்து போட்டவன்னு தொழிற்பேட்டையில எந்த கேட்டுக்குள்ளயும் விட மாட்டாங்க. இந்த யோசன எல்லாம் ஒரு நொடில மண்டைக்குள்ள ஓடிருச்சு பாரு, அதான் எனக்கு இன்னிக்கும் பொறுக்கல. ஒருத்தன் சாவப் போறான்ற யோசன அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு.

"வேலயக் கெடுக்காத பாய்! நீதான் அடிச்சுருப்ப, மறந்துட்ட!"ன்னு கத்துனேன். சத்தம் கேட்டு எட்வர்ட் சார் ஓடியாந்தாரு. "இன்னாய்யா பேஜாரு?" பாய் சொன்னாரு, "பெக்கு எடம் மாறிக் கீது சார், வண்டிய நிறுத்துங்க." எட்வர்ட் சார் எம் பக்கம் திரும்புனாரு. "ஜோசப், நீ ரீடிங் எடுத்துட்டல்ல? பெக்கு சரியா கீதா?"

"எடுத்துட்டேன் சார். சரியாத்தான் கீது."

சொல்லிட்டேன். கர்த்தரே, வாய் கூசாம சொல்லிட்டேன். பக்கத்துல நின்ன பாய் என் மூஞ்சியப் பாத்தாரு. கண்ணாடிக் கம்பு அவரு பையிலதான் இருக்கு, நேத்துலேந்து வெளிய எடுக்கவே இல்ல. அது இல்லாம ரீடிங் ஏது? அது ரெண்டு பேருக்கும் தெரியும்.

அவரு விறுவிறுன்னு நடந்தாரு. வண்டி அப்பத்தான் பதினாலாவது பெக்கத் தாண்டி வளயுது. நேரா நின்ன பெக்குலேந்து நாலடி தள்ளி பக்கெட்ட எறக்கப் போறான் அன்பு. அந்த எடத்துல போய் பாய் சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. தலைக்கு மேல பக்கெட்டு தொங்குது. ஈர மண்ணு அவரு தோள்ல கொட்டுது.

"பாய்! எந்திரி பாய்! செத்துருவ!"ன்னு அன்பு அலறுறான். எட்வர்ட் சார் திட்டுறாரு, செக்யூரிட்டியக் கூப்புடுறாரு. நானும் போய் கையப் புடிச்சு இழுத்தேன். ஆமா, நானும்தான் இழுத்தேன். அவரு என் கைய ஒதறிட்டு, மொதல் தடவையா 'சார்'ங்கறத விட்டுட்டு பேசுனாரு: "தம்பி, விடு. கையால நோண்டிப் பாக்குறேன். கேபிள் இல்லன்னா எந்திரிச்சுர்றேன்."

அன்பு சாவிய திருப்பி வண்டிய அணச்சுட்டான். கீழ குதிச்சான். "பாய் மேல வண்டிய வுட என்னால ஆவாது சார். நோண்டிப் பாக்கட்டுமே, குடியா முழுவிரும்?"ன்னான்.

பாய் கம்பி, கடப்பாற எதையும் தொடல. மொதல்ல ஒரு பெக்க எடுத்து அதால மேல் மண்ண சொரண்டுனாரு, அப்புறம் வெறும் கை. அர அடி போனாரு. செம்மண்ணு. முக்கா அடி. எட்வர்ட் சார் வாட்சப் பாக்குறாரு. ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு வேண்டுனேன். என் மானம் போவக் கூடாதுன்னுதான் வேண்டுனேன், சொல்றதுக்கு இன்னா இருக்கு. ஒரு அடிக்கு மேல போவும்போது பாய் கை நின்னுச்சு. மண்ணு நெறம் மாறிப் போச்சு. மஞ்ச மணலு. கேபிளச் சுத்திக் கொட்டுற மணலு. விரலால லேசா ஒதுக்குனாரு. ஒடஞ்ச செங்கல்லு, அதுக்கு சந்துல கறுப்பா, கை மொத்தத்துல கேபிளு.

அன்பு பக்கெட்டுப் பல்ல பாத்தான், குழியப் பாத்தான், அப்பிடியே மண்ணுல உக்காந்துட்டான். "ஒரு புடி சார், ஒரே ஒரு புடி"ன்னு திரும்பத் திரும்ப சொல்லிக்கினு இருந்தான்.

அப்பத்தான் வயக்காட்டு வரப்புலேந்து ஒருத்தரு தட்டுத் தடுமாறி ஓடியாந்தாரு. பரசுராமன்னு பேரு, அந்த வயலுக்கு சொந்தக்காரரு. காலைலேந்து மறஞ்சு நின்னு பாத்துக்கினு இருந்துருக்காரு. "நைனா, நான்தான் மாத்தி நட்டேன். கரண்டுன்னு தெரியாது நைனா, சாமி சத்தியமா தெரியாது!"ன்னு கும்புடுறாரு. செவப்புத் தல பெக்குன்னா அவருக்கு வேற அர்த்தம். போன தடவ அந்தப் பக்கம் செவப்பு பெக்கு அடிச்சப்ப ஆறே மாசத்துல ரோடு வந்துச்சு, அவரு சித்தப்பா நெலம் முக்கா ஏக்கரா போச்சு. இப்ப அவரு வைக்கப்போரு போடுற துண்டுக்கு ஓரமா ஆறு பெக்கப் பாத்ததும் கொல நடுங்கிப் போச்சு. சண்ட போட்டா கம்பெனிக்காரன ஜெயிக்க முடியாதுன்னு, விடியக்காலம் மழைலயே வந்து ஆறையும் புடுங்கி கம்பெனி பக்கமா நாலடி தள்ளி நட்டுட்டாரு. மொள அடிச்சு மாடு கட்டுன கையி. சந்தேகம் வரக் கூடாதுன்னு ஒவ்வொண்ணையும் சுத்தமா, நேரா நட்டுருக்காரு.

எட்வர்ட் சாருக்கு ரத்தம் ஏறிடுச்சு. "ஒரு ஆளயே கொன்னுருப்பியேய்யா! போலீஸ்ல குடுக்காம விட மாட்டேன்"ன்னு போன எடுத்துட்டாரு. பரசுராமன் அன்பு கால்ல விழப் போறாரு. அவன் வேணாம்னு பின்னாடி நவுர்றான். நான் வாய மூடிக்கினு நிக்கிறேன். என்ன யாரும் பாக்கல. ஆறு பெக்க மாத்துனவன் கெடச்சுட்டான், இனிமே ரீடிங்கப் பத்தி எவன் கேக்கப் போறான்? தப்பிச்சுட்டேன்னு மனசுக்குள்ள ஒரு மூச்சு விட்டேன்.

பாய் குழிய விட்டு வெளிய வந்தாரு. நகக்கண்ணுல எல்லாம் ரத்தமும் மண்ணும். பையத் தொறந்து கண்ணாடிக் கம்ப எடுத்தாரு, ஒற கூட பிரிக்காத கம்பு, நேத்து காலைல நான் கட்டுன முடிச்சு அப்பிடியே இருக்கு. அத எனக்கு நேரா நீட்டுனாரு.

"வாங்க சார். இப்ப ரீடிங் எடுத்துரலாம். திரும்ப மழ வந்துரும்."

எட்வர்ட் சார் போன காதுலேந்து எடுத்தாரு. "இப்பவா? நேத்தே எடுத்தாச்சே?"

பாய் முடிச்ச அவுக்க ஆரம்பிச்சாரு. பரசுராமன் அழுதுக்கினு நிக்கிறாரு, அன்பு என்னயே பாக்குறான். 'ஜோசப்பண்ணன் பெக்கு, இன்னா பயம்'னு சொன்ன பய.

"நான் எடுக்கல சார்"ன்னேன். "நேத்து மழ வந்துச்சுன்னு எடுக்கல. பொய்யா டிக் அடிச்சேன். அந்த வயக்காரரு பெக்க மாத்துனது தெரியாம செஞ்சது. பெக்கு தப்புன்னு பாய் சொன்னதுக்கு அப்புறமும் சரின்னு சொன்னேன் பாருங்க, அது தெரிஞ்சே செஞ்சது. போலீஸக் கூப்புடறதுன்னா எனக்கு கூப்புடுங்க."

எட்வர்ட் சார் போன பாக்கெட்ல போட்டாரு. "வெளிய போடா"ன்னாரு. அவ்ளோதான். அன்பு எழுந்து என் கிட்ட வந்தான். அடிப்பான்னு நெனச்சேன், அடிச்சிருந்தா கூட நல்லாருந்துருக்கும். மூஞ்சிய திருப்பிக்கினு வண்டிப் பக்கம் போயிட்டான். அன்னிலேந்து அவன் எங்கிட்ட பேசறது இல்ல. அந்த கம்பெனி கேட்டுக்குள்ள நான் திரும்பப் போனதும் இல்ல.

பாய என் பைக்லதான் ஏத்திக்கினு போனேன். பொன்னேரில எறக்கி விட்டா அங்கேந்து பழவேற்காடு பஸ்ஸு. கவரப்பேட்ட தாண்டுச்சு. அப்புறம் எனக்கு தாங்கல. "பாய், நான் எடுக்கலன்னு உங்களுக்குத் தெரியும்ல? நான் பொய் சொன்னப்பவே எட்வர்ட் சார்கிட்ட போட்டுக் குடுத்துருக்கலாம்ல? பக்கெட்டுக்கு கீழ போய் உக்காரணுமா? சைதா அக்காக்கு நான் இன்னா பதில் சொல்லிருப்பேன்?"

பின்னாடிலேந்து அவரு சொன்னாரு, கோவமே இல்லாம: "சொல்லிருந்தா நீங்க இல்லன்னு கத்திருப்பீங்க சார். உங்க சத்தத்துக்கு முன்னாடி என் சத்தம் எப்ப எடுபட்டுது? அதான் போய் உக்காந்துட்டேன்."

பொன்னேரி வர்ற வரைக்கும் வண்டிய ஓட்டிக்கினே இருந்தேன்.